மூன்றாவது சுற்றில் வாங்கிய ஜீப்பு

வாடகைக்கு ஜீப்பு ஓட்டுவது ரோட்டின் மேல் நடக்கிற தொழில் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். பாதி நாள் அது ரோட்டோரம் நடக்கிற தொழில். பழைய வண்டி வாங்கி, தண்ணி கேனைக் கையில் பிடித்துக்கொண்டு, திறந்த பானெட்டுக்கு முன்னால் நின்று, போகிறவர் வருகிறவர் சொல்லும் யோசனையெல்லாம் கேட்டுக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் நீங்கள் எனக்குச் சொந்தம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் கோலார் தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர். ஆட்களை ஏற்றிய கூண்டை, அதைக் கேஜ் என்போம், ஷாஃப்டு என்கிற ஆழக் குழிக்குள் இறக்கி ஏற்றுகிற பெரிய இன்ஜினை ஓட்டுகிறவர். ஒவ்வொரு ஷாஃப்டாக நிறுத்திக்கொண்டு வந்த நாளில் அவரையும் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வந்தார். ஒயர் நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டு உட்கார்ந்தார். ஏழு மாதம் அப்படியே. சாப்பிடுவார், தூங்குவார், எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார். ஷிப்ட் சங்கு ஊதினால் மட்டும் வலது கை தானாக லேசாக அசையும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் பெரியவன் சேகர், "ரெண்டு பேரும் எங்கூட வந்துடுங்க" என்றான். மூன்றாவது மாடியில் இரண்டு ரூம். நல்ல பிள்ளைதான். ஆனால் அங்கேயும் ஒரு ஜன்னல் இருக்கிறது, ஒரு நாற்காலி இருக்கிறது. இந்த மனுஷனை அதில் கொண்டுபோய் உட்கார வைத்தால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. நான் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். அன்றைக்குப் பேசினேன். வாடகைக்கு ஒரு ஜீப்பு வாங்கப் போகிறோம், அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆள் கூப்பிடுவேன் என்றேன். லாரி டிரைவராகச் சுரங்கத்தில் சேர்ந்து அப்புறம் வைண்டிங்குக்குப் போனவர் அவர். லைசென்சை விடாமல் புதுப்பித்து வைத்திருந்தார். சேகரும், ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் மீனாவும் ஒரு நாள் சிரித்தார்கள், ஒரு நாள் திட்டினார்கள். கடைசியில் சேகர் கண்டிஷன் போட்டான். "ஒரு வருஷம். அதுக்குள்ள வண்டி படுத்துடுச்சின்னா வீட்டப் பூட்டிட்டு வந்துடணும். அப்புறம் நைனாவ நான் பாத்துக்கறேன். சம்மதமா?"

சம்மதம் என்றேன். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, சாமி அலமாரியில் இருந்த அம்மனைப் பார்த்துச் சொன்னேன்.

மூணாவது சுத்து

பங்காருப்பேட்டையில் ஒரு ரைஸ்மில்காரரிடம் ஜீப்பு இருந்தது. பத்துப் பேர் உட்காரலாம். ஒரு காலத்தில் பச்சை நிறம். எங்களோடு ஆண்டர்சன்பேட்டை மெக்கானிக் பாஷா பாய் வந்திருந்தார். அவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்து, கீழே குனிந்து பார்த்து, புகையை மோந்து பார்த்து, என் காதில், "வேணாங்கா, இது ரொம்ப ஓடின வண்டி" என்றார். நான் திரும்பி என் வீட்டுக்காரரைத் தேடினேன். பை தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் அவரைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, பனியன் துணித் துண்டு ஒன்றை எடுத்து, ஹேண்ட்பிரேக் கேபிளைச் சுற்றிப் பிடித்து, அங்குலம் அங்குலமாக இழுத்துக்கொண்டு போனார். சுரங்கத்தில் கேஜ் கயிற்றை இப்படித்தான் பார்ப்பார்கள். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும்.

ஏழு மாதத்தில் அந்த மனுஷன் தானாக முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு வேலை செய்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். வண்டி என்ன நிறம், டயர் எப்படி, எதுவும் அதற்கப்புறம் என் கண்ணில் படவில்லை. பாஷா பாய் கையைப் பிடித்து இழுக்க இழுக்க, வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மீட்டரைப் பார்த்தேன். நாற்பத்தோராயிரம் சொச்சம் காட்டியது. பரவாயில்லையே, கொஞ்சம்தான் ஓடியிருக்கிறது என்றேன். ரைஸ்மில்காரர் வாயில் இருந்த பாக்கைத் துப்பிவிட்டு வந்தார். நேர்மையான மனுஷர். "மீட்டரு பொய் சொல்லலம்மா. அது ஒரு லட்சத்துக்கு மேல எண்ணாது. இது மூணாவது சுத்து, அவ்ளோதான்."

உடையப்போற லிஸ்ட்டு

வாங்கியாச்சு. இனி எது எது போகும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள் என்று பாஷா பாயிடம் கேட்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொல்லச் சொல்ல, மீனா விட்டுப்போன பழைய நோட்டில் நான் எழுதினேன். கிளட்ச் பிளேட்டு. ரேடியேட்டர் ஓஸ். வாட்டர் பம்பு. செல்ஃப் மோட்டார். பிரேக் ஷூ. பின்பக்கப் பட்டை. சைலன்சர். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் திருப்பினேன். முதலில் எது போகும் என்றால், "அதெல்லாம் மேல இருக்கறவனுக்குத்தான் தெரியும்" என்றார். அதனால் நோட்டைக் கொண்டுவந்து சாமி அலமாரியில் வைத்தேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது மற்ற அம்மாக்கள் பிள்ளைகள் பேரைச் சொல்லி வேண்டுவார்கள். நான் பிள்ளைகளை முடித்துவிட்டு வாட்டர் பம்புக்கு வருவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நோட்டைக் காணோம். பார்த்தால் அவர் மடியில் இருக்கிறது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு சாமானுக்கும் எதிரில் தேதி எழுதிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "கயிறு அறுந்தப்புறமா மாத்துவாங்க? நாள் வந்தா மாத்திடணும்" என்றார். ஏழு மாதத்துக்குப் பிறகு முழுசாகக் காதில் விழுந்த வாக்கியம் அது. நான் அடுப்படிக்குப் போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த செல்ஃப் மோட்டாரைத் தேதி வந்துவிட்டது என்று கழற்றி மாற்றச் சொன்னபோது பாஷா பாய் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "யக்கா, ஒடைஞ்சத மாத்தித்தான் நானு ரெண்டு பொண்ணு கல்யாணம் பண்ணேன். ஒடையாதத மாத்தச் சொல்ற ஆள இப்பதான் பாக்கறேன். இவரு மாதிரி இன்னும் நாலு பேர் வந்தா வண்டிங்கள்லாம் நல்லா இருக்கும், நான்தான் பைத்தியமாயிடுவேன்."

காலி வண்டி

காலையில் ஊரிகம் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து பூதிகோட்டைக்கு எங்கள் முதல் டிரிப். காய்கறி எடுக்கப் போகிற பெண்கள், ஒன்றிரண்டு வாத்தியார்கள், பென்ஷன்காரர்கள் நிற்பார்கள். என் வீட்டுக்காரர் வந்து நிறுத்துவார். ஏறலாம் என்று எல்லாரும் காலைத் தூக்கும்போது, யாரையும் ஏற்றாமல் காலி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பாலகாட் திருப்பம் வரை போய், பிரேக் போட்டுப் பார்த்து, திரும்பி வந்து நிறுத்துவார். அதற்கப்புறம்தான் ஆள் ஏறணும். ஷிப்ட் ஆரம்பத்தில் கேஜை முதலில் காலியாக இறக்கி ஏற்றிப் பார்க்காமல் ஆட்களை ஏற்றக் கூடாது என்பது சுரங்கத்துச் சட்டம். அது அவர் உடம்பில் ஊறியது. ஜீப்புக்கு அந்தச் சட்டம் கிடையாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார், மறுநாளும் போனார்.

கோலாரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஒரு வாத்தியார் கொதித்துப் போனார். "ஆளுங்கள நிக்க வெச்சிட்டு காலி வண்டிய ஊர்கோலம் உடறாரே, இவருக்கு இன்னா தல சரியில்லயா?" என்று என்னிடமே கேட்டார். பக்கத்தில் நின்ற ஒரு பென்ஷன்காரர், சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் கட்டுகிற வேலை பார்த்தவர், பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு சொன்னார். "சார், காலியா போய் வந்ததுலதான் நாங்க காலு வெப்போம். உங்களுக்கு அவசரம்னா தோ, பஸ்ஸு வருது. அதுல யாரும் செக் பண்ணல, தாராளமா போங்க."

மீட்டர்

வண்டி வாங்கியதும் முதலில் என்ன ரிப்பேர் செய்வார்கள்? நீங்கள் பிரேக் என்பீர்கள். இவர் ஸ்பீடு மீட்டரைச் சரி செய்தார். முள் தடுமாறித் தடுமாறி ஆடியது, அது ஆகாது என்றார். காரணம் இருக்கிறது. கேஜ் எங்கே போகிறது என்று வைண்டிங் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. அது பூமிக்குள் எங்கேயோ இருக்கும். முன்னால் இருக்கிற பெரிய டயல் முள்ளைப் பார்த்துத்தான் எந்த லெவலில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு நிறுத்துவார். முப்பது வருஷம் அப்படியே பார்த்த கண்.

முள் சரியானதும் மனுஷர் நிம்மதியாக அதையே பார்த்துக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தார். முப்பதில் முள் அசையவே இல்லை, அவ்வளவு அழகு. பூதிகோட்டை ரோட்டில் ஒரு சிவப்பு மாடு குறுக்கே நின்றது. நான் "மாடுங்க" என்றேன், அவர் முள்ளைப் பார்த்து, "முப்பதுதானே" என்றார். கடைசி நிமிஷத்தில் ஸ்டியரிங்கை நானே திருப்பினேன். வேலியோரம் போய் நின்றோம். மாடு எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாகப் போனது. பின்னால் இருந்த காய்கறிக்காரி சரோஜா கூடையைச் சரி பண்ணிக்கொண்டு சொன்னாள். "அண்ணாத்தே, உங்க கேஜுக்கு எதிர்ல மாடு வராது. இங்க வரும்."

ஆடு அடித்த மணி

அவரிடம் இன்னொரு பழக்கம். மணி அடிக்காமல் வண்டியை எடுக்க மாட்டார். சுரங்கத்தில் ஷாஃப்டு வாயில் நிற்கிறவர் மணி அடித்தால்தான் கேஜ் நகரும். டிரைவர் தானாகக் கிளப்பினால் கொலைக் குற்றம். அதனால் எங்கள் வண்டியிலும் நான் ஒரு பழைய ஸ்பானரால் தகரத்தைத் தட்ட வேண்டும். ஒன்று தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் எடு. மூன்று தட்டினால் ஆள் ஏறி இறங்குகிறது, அசையாதே. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டியதில்லை. இறங்குகிற இடம் வந்தால் அவர்களே ஒரு தட்டுத் தட்டுவார்கள்.

பூதிகோட்டையில் ஒரு கௌடர் ஆட்டோடு ஏறினார். கொம்புள்ள கிடா. பின் சீட்டுக்கு நடுவில் கட்டினோம். மேட்டில் ஏறும்போது கிடா தகரத்தில் ஒரு முட்டு முட்டியது. வண்டி நின்றது. ஏன் நின்றது என்று எல்லாரும் பார்க்கும்போது இரண்டு முட்டு. வண்டி கிளம்பியது. மறுபடி ஒன்று. நின்றது. நான் "அது ஆடுங்க, ஆடு" என்று கத்துகிறேன். "மணி யார் அடிச்சாலும் மணிதான். நின்னு பாத்துட்டுத்தான் எடுக்கணும்" என்கிறார். அப்புறம் மூன்று முட்டு முட்டிவிட்டுக் கிடா படுத்துக்கொண்டது. நான் இறங்கிப் போய் அவர் பக்கத்துக் கதவில் இரண்டு தட்டுத் தட்டும்வரை நடு மேட்டில் நின்றோம். கௌடர் பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகப் புலம்பினார். அதில் எனக்கு விளங்கிய கடைசி வரி இது. "காசு குடுத்தது நானு, வண்டி ஓட்டறது என் ஆடா?"

முப்பத்திரண்டாவது போற்றி

பங்காருப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் ஜீப்பு ஸ்டாண்டு. வரிசைப்படி எடுக்கணும். எங்களைப் பார்த்ததும் மற்ற டிரைவர்களுக்கு இளப்பம். "கெழவன் ஓட்டறான், கெழவி கூவறா, வண்டி இருமுது" என்று காதுபடவே சொல்வார்கள். இவர் பாட்டுக்கு முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆனால் அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் நாற்காலியை மறுபடியும் ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்காருவார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. ஸ்டாண்டுக்குப் பெரிய ஆள் முனியப்பா. எங்கள் முறை வரும்போதெல்லாம் தன் வண்டியை முன்னால் கொண்டுவந்து குறுக்கே விடுவார். மூன்று நாள் பொறுத்தேன்.

நாலாவது நாள் வெள்ளிக்கிழமை. அவர் வண்டி குறுக்கே வந்ததும் நான் இறங்கி, அதற்கு முன்னால் ரோட்டில் முந்தானையை விரித்து உட்கார்ந்தேன். குங்குமச் சிமிழை எடுத்து வைத்தேன். கற்பூரம் ஏற்றினேன். அம்மனின் நூற்றெட்டுப் போற்றியை நிதானமாக, ஒரு பேருக்கு ஒரு சிட்டிகை குங்குமமாகச் சொல்ல ஆரம்பித்தேன். முனியப்பா ஹாரன் அடிக்கக் கையை வைத்தார், கற்பூரத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார். ரயிலிலிருந்து இறங்கியவர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் நாலு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு சேர்ந்து நின்று கும்பிட்டார்கள். "எழுந்திரிம்மா" என்றார் முனியப்பா. "எங்க முறை எங்களுக்கு வரட்டும் அண்ணா, எனக்கு அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் தன் பின்னால் நின்ற வண்டிகளைப் பார்த்துக் கையை ஆட்டினார். "ரிவர்ஸ் எடுங்கப்பா. அந்தம்மா இன்னும் முப்பத்திரெண்டுலயேதான் கீது."

கிளட்சுக்கு ஒரு ஜெபமாலை

பக்கத்து வீட்டு இருதயமேரி அக்கா தினமும் சாயங்காலம் ஜெபமாலை சொல்லுகிறவர். கிளட்ச் பிளேட்டு அன்று ஒரு மாதிரி கருகிய வாசனை அடித்தது. அவரிடம் சொல்லி வருத்தப்பட்டேன். நோட்டில் எழுதின தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சேகர் வேறு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எஸ்டிடி பூத்துக்கு போன் பண்ணி, "வண்டி நின்னுச்சாம்மா?" என்று ஆசையாகக் கேட்பான். அக்கா கண்ணை மூடி யோசித்துவிட்டு, தானும் வேண்டிக்கொள்வதாகச் சொன்னார். கிளட்ச் சரியாக இரண்டு மாதமும், புது பிளேட்டு வந்து சேரும்வரை இன்னும் மூன்று நாளும் ஓடியது. நன்றி சொல்லப் போனேன். அக்கா கொஞ்சம் சங்கடமாகத்தான் பேசினார். "இங்க பாரு பாக்கியம், நான் இன்னா பண்றது, அது எந்தப் பக்கம் இருக்கற சாமான்னு தெரியாது. பொதுவா எல்லாத்துக்கும் சேத்துச் சொல்லிட்டேன், மாதாவே பாத்து எடுத்துக்கட்டும்னு."

பன்னீர்

குடியாத்தத்துக்குக் கல்யாண டிரிப். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஜீப்பில். மாப்பிள்ளை முன்னால் ஒரு காரில் போய்விட்டார். பேரணாம்பட்டு மலை இறக்கத்துக்கு முன்னால் ரேடியேட்டர் ஓஸ் வெடித்தது. ஆவி அடித்துக்கொண்டு வந்தது, பட்டுப்புடவைகளெல்லாம் ரோட்டில் இறங்கி ஓடின. மாப்பிள்ளையின் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "முகூர்த்தத்துக்குப் போற வண்டியா இது? வயசான காலத்துல ஊட்ல உக்காந்து சாமி கும்புடறத உட்டுட்டு உங்களுக்கு இன்னாத்துக்கும்மா இந்த வேல?" என்றார். "சாமி கும்புட்டுட்டுத்தான் இந்த வேலைக்கு வந்திருக்கேன் அண்ணா" என்றேன். "நீங்க கொஞ்சம் நகந்தா, சீட்டுக்கு அடியில இருக்கற புது ஓஸ எடுத்துக்கலாம்." அடுத்த மாதம் மாற்ற வேண்டியது என்று நோட்டில் எழுதி, முன்னாடியே வாங்கி வைத்திருந்தோம்.

என் வீட்டுக்காரர் இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து புது ஓஸை மாட்டிவிட்டார். தண்ணிதான் இல்லை. எங்கள் கேனில் இருந்தது அரை ரேடியேட்டருக்குக்கூடக் காணாது. சுற்றிலும் வெறும் கல். அப்போது மாப்பிள்ளையின் அத்தை, கால்மாட்டில் வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் கேனைத் தூக்கி வந்தார். மண்டபத்து வாசலில் தெளிப்பதற்கு வாங்கிய பன்னீர். என் வீட்டுக்காரர் மோந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், ஊற்றிவிட்டார். முகூர்த்தத்துக்குக் கால் மணி முன்னால் போய்ச் சேர்ந்தோம். பானெட்டிலிருந்து கோயில் மாதிரி வாசனை. வாசலில் தட்டு வைத்துக்கொண்டு நின்ற பெண் வீட்டுக் கிழவர் எங்களைச் சுற்றி ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு உள்ளே பார்த்துச் சொன்னார். "மாப்ள வந்த காரு டீசல் நாத்தம் அடிக்குது, இந்தக் கெழட்டு ஜீப்பு பாரு, குளிச்சிட்டு வந்து நிக்குது."

ரெண்டாவது கியர்

ஒரு நாள் பூதிகோட்டையிலிருந்து திரும்பும்போது இரண்டாவதில் விழுந்த கியர் தண்டு அப்புறம் வெளியே வரவே இல்லை. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. நிறுத்தினால் கிளம்புமோ என்னவோ என்று பயந்து அப்படியே ஓட்டினார். மாட்டு வண்டி எங்களைத் தாண்டியது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் பக்கத்திலேயே நடந்து வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பென்ஷன்காரர் ஒருவர் ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கி, பெட்டிக்கடையில் பீடி வாங்கிக்கொண்டு, நடந்து வந்து ஏறிக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று. குனிந்து போற்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது சைக்கிளில் பின்னாலிருந்து வந்த பால்காரர் ஜன்னலோரம் வந்து, இவருக்குச் சமமாகக் கொஞ்ச தூரம் மிதித்தார். அவர் சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரர் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க. வேலை போய் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கியர் பெட்டி போனால் போகட்டும் என்று நினைத்தேன். பால்காரர் சொன்னது இவ்வளவுதான். "அண்ணா, அவசரம்னா பின்னால கேரியர்ல ஏறிக்கோங்க. வண்டிய அக்கா நடத்தி இட்டுனு வரட்டும்."

நோட்டில் இல்லாதது

வருஷம் முடிய நாலு நாள் இருந்தது. வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்போது இன்ஜினுக்கு அடியில் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரிச் சத்தம். பாஷா பாய் வந்து காதை வைத்துக் கேட்டு, முகம் சுருங்கி, "கான்ராடு பேரிங்கு" என்றார். நோட்டைப் புரட்டினேன். இரண்டு பக்கத்திலும் அது இல்லை. சொல்ல மறந்துவிட்டேன் என்றார். பத்து நாளாவது ஆகும், அதுவரை வண்டியை அசைக்கக் கூடாது என்றார். அம்மனிடம் போய் நின்றேன். இத்தனை பேர் சொல்லி வேண்டினேன், சொல்லாமல் விட்ட ஒன்றைத்தான் நீ எடுப்பாயா என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அப்புறம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

குறித்த நாளில் சேகர் வந்தான், டெம்போ பேசிக் கூட்டிக்கொண்டு. வாசலில் ஜீப்பு கல் முட்டுக் கொடுத்து நிற்கிறது, இன்ஜின் எண்ணெய் தகர டப்பாவில் இருக்கிறது. "படுத்துடுச்சா?" என்றான். "படுத்துடுச்சி" என்றேன். பொய் சொல்லவில்லை. "அப்ப கெளம்பலாம்மா, பேசினது பேசினதுதானே?" என்றான். "நான் பேசினத நான் மாத்த மாட்டேன். என் பெட்டி தோ இருக்குது, தூக்கிக்கோ. உங்க நைனாவ மட்டும் நான் கூப்பிட மாட்டேன். அவர நாற்காலியிலேர்ந்து எழுப்ப எனக்கு ஒரு வருஷம் ஆச்சி. மறுபடியும் உக்கார வைக்கறதா இருந்தா அத நீயே உன் வாயால சொல்லு." அவன் கண்ணைப் பார்த்தேதான் சொன்னேன்.

சேகர் தன் நைனாவை ஜன்னல் பக்கம் தேடினான். நாற்காலியில் என் துவைத்த துணிகள் மடித்தபடி இருந்தன. ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சாக்கு விரித்து, மல்லாந்து படுத்து, இன்ஜின் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிவிட்டு பேரிங்கில் வேலையாக இருந்தார். இவன் பேண்டை ஏற்றிவிட்டுக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். "நைனா, கெளம்பலாமா? டெம்போ நிக்குது." கீழிருந்து குரல் வந்தது. "முப்பது வருஷம் ஊரையே கீழ எறக்கினவன் நானு, ஒரு நாளு கூட நான் எறங்கினது இல்ல. இப்பதான் எறங்கியிருக்கேன். டெம்போவ அனுப்பிச்சிட்டு பதினாலாம் நம்பர் ஸ்பானர இப்பிடித் தள்ளு, ஷிப்ட் முடிஞ்சி மேல வந்து பேசறேன்."

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களே, அதில் எதெது உடையும் என்று ஊர் முழுக்கக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வாங்கலாமா என்று மட்டும் பெற்ற பிள்ளையைக் கூடக் கேட்காதீர்கள்.